வாசலைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்

ஆவரங்கோட்டையின் வெப்சைட் ஊர்க்காரர்களைத் தன் போக்கில் பிரிக்கத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில். கரிசல் காடு முதல் மழையைக் குடித்து இளகிக் கிடந்தது, நடப்பவர்களின் செருப்பில் மண் அப்பிக்கொண்டு கழற்ற வராமல் கனத்தது, தீப்பெட்டி ஆபீசுகளில் காயாத குச்சிகளின் வாடை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெயக்கொடியின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து டெய்லர் சங்கரலிங்கம் தன் பெயர், தொழில், தெரு எல்லாவற்றையும் சொல்ல, அவள் அதைத் தட்டிச் சேமித்தபோது, அவர் பெயருக்குக் கீழே ‘மேலத் தெரு’ என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் ‘பஸ்ஸைத் தவறவிட்டதால் வாழ்க்கை மாறியவர்கள்’ என்று வந்திருந்தது. சங்கரலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வாசித்தார்.

“ஆமா, சரிதான்” என்றார். பிறகு ரேஷன் கார்டைக் கொடுத்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெப்சைட்டைச் செய்யச் சொன்னவர் ஊர் நலச் சங்கத்தின் தலைவர் குணசீலன், வடக்குத் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர், ஊரில் கோயில் கொடை என்றாலும் குடிதண்ணீர்ப் பிரச்சனை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், அதனாலேயே தன் சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழகாதவர். ஊரை விட்டுப் போனவர்கள் எங்கிருந்தாலும் ஊரைப் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம், கடைக்கு ஒரு பக்கம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஜெயக்கொடி கோயில்பட்டியில் கம்ப்யூட்டர் படித்தவள், கல்யாண மண்டபத்துக்கும் பட்டாசுக் கடைக்கும் வெப்சைட் செய்து கொடுத்த அனுபவம் உள்ளவள், அதைவிட முக்கியமாக, யார் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவள். அவள் கடையில் எப்போதும் யாருடைய குடையோ, யாருடைய அரிசி மூட்டையோ, யாருடைய தூங்கும் பிள்ளையோ ‘கொஞ்ச நேரம் பாத்துக்க’ என்று விடப்பட்டுக் கிடக்கும்.

“ஒவ்வொரு பக்கத்துக்கும் உக்காந்து பிரிவு போட்டுக்கிட்டிருக்க முடியாது, பாத்துக்க” என்று குணசீலன் சொல்லியிருந்தார். “தெருப் பேரை எழுதுனதும் தன்னால அந்தத் தெருவுக்குள்ள போய் உக்காந்துக்கிடணும். தெருவைச் சொன்னா போதும், மத்தது எல்லாருக்கும் வெளங்கிரும்.”

மற்றது என்னவென்று ஜெயக்கொடிக்கும் விளங்கியது. அந்த ஊரில் தெருப் பெயர் என்பது தெருவின் பெயர் மட்டுமல்ல. அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாகச் சுணங்கியது, ஆனாலும் “சரி அண்ணாச்சி” என்றுதான் சொன்னாள். சொன்னபடி சில வரிகள் எழுதினாள்: ஒரு பக்கம் சேமிக்கப்படும்போது அது ஆளா, வீடா, கடையா என்று பார், தெரு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார், அந்தத் தெருவின் பிரிவில் கொண்டுபோய்ச் சேர், தெரு எழுதப்படாமல் இருந்தால் ‘மற்றவை’ என்பதில் தள்ளிவிடு. எழுதி முடித்துச் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் போய் விழுந்தன. முதல் மழை பெய்து, ஊர்க்காரர்களின் பெயர்கள் உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான் அது தெருக்களை மறந்துவிட்டு வேறு எதையோ வாசிக்க ஆரம்பித்தது.

எப்படி என்று ஜெயக்கொடியிடம் கேட்டவர்கள் உண்டு. எழுதியதைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்கப்பட்டவளைப் போல அவள் கையை விரித்தாள். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை, ஏனென்றால் எப்படி என்பதைவிடத் தாங்கள் எதில் இருக்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது.

நர்ஸ் ஞானசெல்வமும் கோயில் பூசாரியும் லாரி டிரைவர் ஒருவரும் சங்கரலிங்கத்தோடு சேர்ந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்களாக இருந்தார்கள். ஒருவர் தவறவிட்டது சென்னை பஸ், ஒருவர் தவறவிட்டது பெண் பார்க்கப் போகவேண்டிய பஸ், பூசாரி தவறவிட்டது எதில் ஏறுவது என்று தெரியாமல் நின்றபோது கடந்துபோன எல்லா பஸ்ஸும். அவர்கள் சாயங்கால பஸ் புறப்படும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடி, அது ஹாரன் அடித்துக் கிளம்பிப் போவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்கள். ‘பாம்பைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாதவர்கள்’ ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது, அது ஒரே பாம்பு என்பதும், அது ஊரின் நான்கு பக்கமும் போய்வந்திருக்கிறது என்பதும் தெரியவந்தது. ‘சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கும் வீடுகள்’ என்ற பிரிவில் வந்த வீடுகளைத் தேடிப் போய், வேலை ஒன்றுமில்லாதவர்கள் போல வெளியே நின்றுவிட்டு வந்தார்கள் சிலர். ‘சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுக்காத கடைகள்’ என்ற பிரிவில் ஊரில் ஒரே ஒரு கடைதான் வந்தது, அந்தக் கடைக்காரர் அதை அட்டையில் எழுதித் தொங்கவிட்டுக்கொண்டார்.

‘வேறு தெருவின் கிணற்றுத் தண்ணீரைக் கனவில் குடித்தவர்கள்’ மட்டும் வெகுநாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தார்கள். அந்தப் பெயர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தன, எல்லாரும் வாசித்தும் இருந்தார்கள், ஆனால் கனவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பிறகு ஒரு முற்பகலில் வடக்குத் தெருப் பெண்கள் சிலர் குடத்தைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு தெற்குத் தெருவின் கிணற்றடிக்குப் போய் நின்றார்கள். அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் ஒன்றும் கேட்காமல் வாளியைச் சாய்த்தாள். அவர்கள் கையில் ஏந்திக் குடித்தார்கள். “கனவுல இம்புட்டு உப்பு இல்ல” என்றாள் ஒருத்தி. “மழை இன்னும் ரெண்டு பெய்யணும், அப்புறம் கரும்பா இனிக்கும்” என்றாள் வாளிக்காரி. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் மறுநாளும் அவர்கள் போனார்கள், உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்க.

இதெல்லாம் குணசீலனின் காதுக்குப் போகாமலில்லை. அவர் அதைச் சின்னக் கோளாறு என்று நினைத்தார். ஜெயக்கொடியைக் கூப்பிட்டுச் சரிபண்ணச் சொன்னார், அவளும் வழக்கம்போல “பண்ணிடுதேன் அண்ணாச்சி” என்றாள். எழுதியதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். அதையும் அழித்துவிட்டு ஒன்றுமே எழுதாமல் விட்டுப் பார்த்தாள். அப்போதும் பெயர்கள் உள்ளே போன மாத்திரத்தில் தங்களுக்குரிய இடத்தைக் கண்டுபிடித்துக் கம்மென்று போய் உட்கார்ந்துகொண்டன. அவள் தன் பெயரையே போட்டுப் பார்த்தாள். ‘வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள்’ என்று வந்தது. அந்தப் பிரிவிலிருந்த மற்றவர்கள் அவளைச் சந்திக்க வந்தார்கள், டீ வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல முடியாததால் டீக்கடைப் பையன் களைத்துப் போகும்வரை குடித்துவிட்டுப் போனார்கள்.

குணசீலன் தன் பக்கத்தை மட்டும் போடாமல் வைத்திருந்தார். கல்யாண மண்டபத்தில் திறப்பு விழா, சுவரில் வெள்ளைத் துணி கட்டி எல்லாரும் பார்க்கும்படி தலைவர் பெயர் கடைசியாக ஏற வேண்டும் என்று ஏற்பாடு. அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஜெயக்கொடி தட்டினாள்: குணசீலன், வியாபாரம், வடக்குத் தெரு. சேமித்தாள். வெள்ளைத் துணியில் அவர் பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் வந்தது: ‘வாசலைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்.’

அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. வேதமாணிக்கம், தெற்குத் தெரு.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். குணசீலனின் மனைவி கோமதி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள், ஏனென்றால் அவளுக்கு மட்டும்தான் அது தெரியும்: அந்த வீட்டில் நல்ல தேக்கு மேசை ஒன்று சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்க, அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் வெளிவாசலுக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒருதரம் தலையை நிமிர்த்திப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவார். கேட்டால் காத்து வருது என்பார்.

அவர்களுடைய ஒரே மகள் பொன்மணி, வேதமாணிக்கத்தின் மகன் மாரிச்செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டு போய்ப் பல வருடங்களாகின்றன. வேதமாணிக்கம் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வடக்குத் தெருவின் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறியவர், ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை, தண்ணீர் கேட்டால் வெளியே வைத்துக் கொடுப்பார்கள். கல்யாணச் செய்தி வந்த அன்று வடக்குத் தெரு ஆட்கள் கும்பலாகத் தெற்குத் தெருவுக்குள் புகுந்து ஓடுகளை உடைத்தார்கள், கதவுகளைப் பெயர்த்தார்கள். குணசீலன் அந்தக் கும்பலில் போகவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு மகள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

விழாவுக்கு மறுநாள் அவர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

“அதை எடுத்துரு” என்றார்.

“எடுக்க வரமாட்டேங்கு அண்ணாச்சி. எடுத்தாலும் மறுபடி வந்து நிக்குது.”

“அப்ப மொத்தத்தையும் மூடிரு. பொதுக்கூட்டம் போட்டுச் சொல்லிருதேன். நீ மூடிரணும்.”

“சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வெகுநேரம் ஒரு வேலையும் ஓடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் அவர் அறியாத ஒன்று இருந்தது. அந்த வெப்சைட்டில் ‘கூப்பிட்டால் வருகிறவர்கள்’ என்றொரு பிரிவு இருந்தது. ஊரை விட்டுப் போய்ப் பல திசைகளில் இருந்தவர்கள் தாங்களாகவே எங்கிருந்தோ தங்கள் பெயரைப் பதிந்தபோது அதில் வந்து சேர்ந்தார்கள். கொச்சியில் ஹோட்டல் வேலை பார்த்த ஒருவன், துபாயில் இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், கோபித்துக்கொண்டு பெங்களூருக்குப் போன ஒரு மருமகள். அதைப் படித்துவிட்டு ஊரில் அம்மாக்களும் அக்காக்களும் மாமியார்களும் போனை எடுத்தார்கள், சிலர் ‘வா’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாமல் வைத்தார்கள், கார்த்திகை பிறந்ததும் பஸ்களிலிருந்து பெட்டிகளோடு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவின் அடியில் பொன்மணியின் பெயரும் இருந்தது. திருப்பூரிலிருந்து பதிந்திருந்தாள், பார்த்தவர்கள் யாரும் அதைக் குணசீலனின் வீட்டில் சொல்லத் துணியவில்லை. தொழில் என்ற இடத்தில் பனியன் கம்பெனி என்று எழுதியிருந்தாள். தெரு என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

பொதுக்கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. மழை விட்டிருந்தது, ஆனாலும் எல்லார் கையிலும் குடை இருந்தது. குணசீலன் மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லி, ஊருக்கு நல்லது செய்யத்தான் இதை ஆரம்பித்தோம், அது வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற ஒன்றாகிவிட்டது, மனுசனுக்கு மறைப்பு வேண்டும், அதனால் இதை இன்றோடு மூடிவிட்டு, தெருவாரியாகப் புத்தகமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, பலர் தலையாட்டினார்கள். டெய்லர் சங்கரலிங்கம் எழுந்து, பஸ் போன பிறகு டீ குடிக்கிற சுகம் தனக்கு வேண்டும் என்றார். பாம்பைப் பார்த்தவர்கள் ஒன்றும் பேசவில்லை, அவர்கள் சுபாவம் அது. கடைசியில் எல்லாரும் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள்.

“நீ சொல்லு தாயி, இன்னைக்கு மூடிரலாம்ல” என்றார் குணசீலன்.

அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள்.

“இல்ல அண்ணாச்சி” என்றாள்.

அந்தச் சொல் வெளியே வந்ததும் அவளுக்கே அது யாருடைய குரல் என்று சந்தேகமாக இருந்தது. கூட்டத்தில் அவளுடைய பிரிவைச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையை உயர்த்தினார்கள்.

“மூட மாட்டேன். தெருவாரியாப் பிரிச்சா ஒரு ஆளுக்கு அதுல எடமே இல்ல. அந்தப் பிள்ள தெருவுன்னு போட்ட எடத்துல ஒண்ணும் எழுதல. எதை எழுதும்? இங்கயும் வரமுடியாது, அங்கயும் வரமுடியாது. நீங்க எழுதச் சொன்னபடி நான் எழுதுனா அது ‘மற்றவை’ல போய் விழும். உங்க மகளை நான் மற்றவைல போட மாட்டேன், அண்ணாச்சி. இப்ப அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்.”

“எங்க இருக்கு?” என்று கேட்டார் குணசீலன். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டதால் அந்தக் கேள்வி மைதானம் முழுவதும் கேட்டது, சுவருக்கு அப்பால் நடந்துபோனவர்களும் நின்றார்கள்.

“கூப்பிட்டால் வருகிறவர்கள்ல.”

அவர் மைக்கை மேசையில் வைத்தார். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் முடிந்துவிட்டது. ஜெயக்கொடி கடைக்குத் திரும்பித் தன் பக்கத்தைத் திறந்தபோது பெயருக்குக் கீழே பிரிவு எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அவளை எதில் சேர்ப்பது என்று அது யோசித்துக்கொண்டிருந்தது போலும். கடையில் கிடந்த அரிசி மூட்டைக்காரரைப் போன் செய்து கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

அன்றைக்குக் குணசீலன் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு முன்னால் இருந்தது, வாசல் நேரே இருந்தது. கை சோற்றில் வைத்தபடியே இருந்தது.

“மூடிட்டாகளா?” என்று கோமதி கேட்டாள்.

“இல்ல.”

“நல்லது. அதை மூடிட்டு நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க?”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். “கூப்பிட்டா வருவாளாம்” என்றார். மகள் போன பிறகு அவளைப் பற்றி அந்த வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

“வருவா. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?” என்றாள் கோமதி. “ஆனா நாம போகணும். கூப்பிட்டுவிடுதது நல்லாயிருக்காது. போறதுதான் மொற. தனியாவும் போகக்கூடாது, அந்தப் பையன் வீட்டுலயும் ஒரு மனுசன் வாசலப் பாத்து உக்காந்திருக்காருல்ல?”

மறுநாள் மதியம், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் நடமாட்டம் இருந்தபோது, குணசீலன் வெள்ளை வேட்டி கட்டி வடக்குத் தெருவிலிருந்து இறங்கிப் பெரிய கடைவீதியைக் கடந்து தெற்குத் தெருவுக்குள் நடந்து போனார். அவர் ஒளிந்து போகவில்லை என்பதை ஊர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது. உடைந்த ஓடுகளுக்குப் பதில் தகரம் போட்ட வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனார். யாரும் அவரை எங்கே என்று கேட்கவில்லை, வேதமாணிக்கத்தின் வீட்டை மட்டும் ஒரு பெண் கையால் காட்டினாள்.

வேதமாணிக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தரையில், வாசலுக்கு நேரே. கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது வழக்கம்போல நிமிர்ந்தார், மகன் வந்து நிற்க வேண்டிய இடத்தில் குணசீலன் நின்றார். கவளம் திரும்பத் தட்டுக்குப் போனது. அந்த முகத்தில் முதலில் வந்தது பயம்தான், அதைக் குணசீலன் பார்த்தார், தன்னைப் பார்த்து இன்னொரு மனிதன் சாப்பாட்டுக்கு நடுவில் பயப்படுவதை அவர் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

“சாப்பிடு வேதமாணிக்கம், நான் நிக்கேன்” என்றார். பிறகு, “சாப்பிடுங்க” என்று திருத்திச் சொன்னார். ‘ங்க’ சேர்த்து அந்த மனிதரிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை, நாக்கு பழகாத மருந்தைப் போல அதைச் சொல்லியது.

வேதமாணிக்கம் எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

“உள்ள வாங்க” என்றார்.

குணசீலன் செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்து நிலையில் இடிக்காமல் நுழைந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். வேதமாணிக்கத்தின் மனைவி ரூபி அடுக்களைக்குள்ளிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளியே வைத்துவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எடுத்துக் குடித்தார். முழுவதும் குடித்தார்.

“அன்னைக்கு நான் வரல” என்றார். “ஆனா போகாதீங்கன்னும் சொல்லல. சொல்லியிருந்தா நின்னிருப்பானுக. கடைலதான் உக்காந்திருந்தேன். இங்க ஓடு உடையுத சத்தம் அங்க கேட்டுச்சு.”

வேதமாணிக்கம் தட்டைத் தள்ளி வைத்தார்.

“எனக்கு மகன் மேல கோவமே கிடையாது” என்றார். “ஊருக்குள்ள வராதடான்னு சொன்னது நாந்தான். நீ வந்தா தெருவையே கொளுத்திருவாங்கன்னு சொன்னேன். உங்களுக்குப் பயந்துதான் சொன்னேன். அவன் சரிப்பான்னு வச்சுட்டான். சொன்ன பேச்சு கேக்குத பையன். அதான் வராமலே இருக்கான். வராதேன்னு சொன்ன வாயாலதான் தெனமும் இங்க உக்காந்து சோறு திங்கேன்.”

ரூபி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கிணற்றடியில் யாரோ வாளியை இறக்குகிற சத்தம் கேட்டது, உருளை கீச்சிட்டது, தண்ணீரில் வாளி விழுந்தது.

“திருப்பூர் போகணும்” என்றார் குணசீலன். “விலாசம் எங்கிட்ட இல்ல.”

“எங்கிட்ட இருக்கு” என்றாள் ரூபி. இரண்டு ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். “பேசிக்கிட்டுதான இருக்கேன். நீங்க வாசலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, நான் போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். பேத்தி பொறந்து நடக்கவே செய்யுது.”

வேதமாணிக்கம் மனைவியை என்னவோ கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்பவேவா?” என்றார் குணசீலன்.

“சாயங்காலம் ஆனா எனக்கு மறுபடி பயம் வந்துரும்” என்றார் வேதமாணிக்கம்.

ஆனாலும் மறுநாள் காலை பஸ்ஸில்தான் போனார்கள், ஏனென்றால் இரண்டு வீட்டிலும் பெண்கள் பலகாரம் செய்யாமல் விடமாட்டேன் என்றார்கள். ஊர் பஸ் ஸ்டாண்டு அன்று நிறைந்திருந்தது, யாரும் வழியனுப்ப வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, சும்மா நின்றார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் டீக்கடையை விட்டு ஓடிவந்து, டிரைவரிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, இரண்டு பேரும் ஏறி உட்காரும்வரை பஸ்ஸைப் பிடித்து வைத்தார்கள். அவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். குணசீலன் ஜன்னலோரத்தைக் கொடுத்தார், வேதமாணிக்கம் அதை வாங்கிக்கொண்டு, சாத்தூர் தாண்டும்வரை வெளியே ஓடுகிற மின்கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. இந்த வருடம் உளுந்து எப்படி என்றார்கள். வடக்குத் தெரு முக்குக் கம்பத்தில் மட்டும் ஏன் அடிக்கடி ஃபியூஸ் போனது என்று குணசீலன் கேட்டார், வேதமாணிக்கம் விளக்கினார். மதுரைக்கு அப்பால் இருவரும் தூங்கிப் போனார்கள், ஒருவர் தலை மற்றவர் தோளில் சாய்ந்தது, விழித்துக்கொண்டும் எடுக்கவில்லை.

திருப்பூரில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனிகள் விட்டு ஆட்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள், துணிச்சாயம் கலந்த வாசம் காற்றில் இருந்தது. ரூபி சொன்ன விலாசத்தைக் கேட்டுக் கேட்டுப் போனபோது, சந்துக்குள் ஒரு மாடி வீடு, மேலே வரிசையாக வாடகை அறைகள். கீழே வீட்டுக்கார அம்மா மிளகாய் காயப்போட்ட சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், பலகாரப் பைகளோடு வந்து நின்ற இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆரு வேணுமுங்?”

“பொன்மணி. மாரிச்செல்வம் வீடு” என்றார் வேதமாணிக்கம்.

“அவங்களுக்கு இத்தனை நாளா ஊர்லருந்து ஆரும் வந்ததில்லீங்களே. நீங்க ரெண்டு பேரும் ஆருங்க?”

வேதமாணிக்கம் குணசீலனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பதிலைக் கேட்டு வாங்கியது போலாகிவிடும் என்று பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றார்.

“நான் பொன்மணியோட அப்பா” என்றார் குணசீலன். மூச்சை இழுத்துவிட்டார். “இவுக என் சம்பந்தி.”

அந்த அம்மாவுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் சேர்ந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள், ஊர் உலகத்தில் நடக்கிறதுதான்.

“மேல போங்க, கடைசி வீடு. படி செங்குத்தா இருக்கும், கைப்பிடி கெடையாது. ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ஏறுங்க” என்று சொல்லிவிட்டு மிளகாய்ச் சாக்கோடு உள்ளே போனாள்.

படி அவள் சொன்னபடிதான் இருந்தது. முதலில் குணசீலனின் கால்தான் தடுமாறியது. வேதமாணிக்கம் வாழ்நாளெல்லாம் கம்பம் ஏறியவர், ஒரு படி மேலே நின்று திரும்பிக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் நீட்டியது தெரிந்தது, ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை. குணசீலன் அதைப் பற்றிக்கொண்டார். காப்புக் காய்த்த உள்ளங்கை, சூடாக இருந்தது. படி முடிந்த பிறகும் அவர் விடவில்லை.

கடைசி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது, குழந்தையொன்று ஏதோ பாத்திரத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நடையில் காலடிச் சத்தம் கேட்டு அந்தத் தட்டல் நின்றது.

“யாரு?” என்று உள்ளேயிருந்து பொன்மணியின் குரல் கேட்டது.

இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள், “நாங்கதாம்மா” என்று.